போட்டோஷாப் சந்தா கட்டாமல் பழைய குடும்பப் படத்தைச் சீர்செய்ய முடியுமா?

திருவையாற்றுப் பெயர்த்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவுடன் தாத்தாவும் பாட்டியும் 1954ஆம் ஆண்டு கும்பகோணத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் எங்களிடம் இருக்கிறது. ஆறங்குல உயரமும் நாலங்குல அகலமும் கொண்ட அந்தப் படம், சென்னை வீட்டுக் கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருந்தபோது 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து, சட்டத்துக்குள்ளேயே காய்ந்துவிட்டது. இடப்புற மேல்மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலப்புறக் கீழ்ப்பகுதியில், குழந்தையை உட்கார வைத்திருக்கும் முக்காலியைச் சுற்றி, டிகாக்‌ஷன் கொட்டியதைப் போல ஒரு மஞ்சள் கறை படர்ந்திருக்கிறது. பாட்டியின் தோளில் தொடங்கித் தாத்தாவின் மேல்துண்டு வரைக்கும் ஒரு மடிப்புக்கோடு ஓடுகிறது. நல்ல வேளையாக முகங்கள் தப்பின, ஆனால் வெளிறியிருக்கின்றன.

சென்ற மாதம் இதைக் கடை ஒன்றில் கொடுத்து, 1,800 ரூபாய் செலுத்தினேன். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்ட அவர்கள், அரைமணி நேரத்தில் பளபளவென்று ஒரு படத்தை அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதில் இருந்த பெண் அழகாகத்தான் இருந்தார். ஆனால் அவர் என் பாட்டி அல்லர். தாத்தாவின் நெற்றியிலிருந்த திருநீற்றுப் பட்டைகள் மூன்றும் காணாமற்போயிருந்தன. கேட்டதற்கு, "கீறல் என்று நினைத்துக் கணினி அழித்திருக்கும்" என்றார்கள்.

ஆகவே, நானே செய்து பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். என்னிடம் எட்டு ஜி.பி. நினைவகம் கொண்ட, தனியாக கிராபிக்ஸ் அட்டை இல்லாத ஒரு பழைய மடிக்கணினியும், அச்சுப்பொறியோடு சேர்ந்த ஒரு ஸ்கேனரும் இருக்கின்றன. மாதந்தோறும் சந்தா கட்ட இயலாது. ஒருமுறைச் செலவாக மூவாயிரம் ரூபாய் வரை ஒதுக்கலாம். இந்தப் படத்தைத் தவிர இன்னும் நாற்பது படங்கள் உள்ளன. அவற்றுள் 1980களின் வண்ணப் படங்கள் எல்லாம் சிவந்துபோய்க் கிடக்கின்றன. தை மாதம் வரும் தாத்தாவின் நூற்றாண்டுக்கு முன், மேற்சொன்ன படத்தை 12 × 18 அங்குலத்தில் அச்சிட வேண்டும். எந்த மென்பொருள் பொருத்தமாக இருக்கும்?

கட்டற்றவன் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் மூவாயிரம் ரூபாயை அச்சுக்கும் சட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடத் தேவைப்படாது. 2013இல் போட்டோஷாப்பை வெளியிடும் அடோபி தன் மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றியதிலிருந்து, ஆண்டுக்கு இரண்டு படம் சரிசெய்கிறவரும் நாள் முழுதும் அதிலேயே தொழில் செய்கிறவரும் ஒரே வாடகையைக் கட்ட வேண்டியதாயிற்று. உங்களைப் போன்றவருக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் கட்டுப்படியாகாது.

என் முதல் பரிந்துரை கிம்ப். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய, மூலநிரலை யாரும் பார்த்துத் திருத்தும் உரிமையுள்ள கட்டற்ற படத்தொகுப்பு மென்பொருள் அது. 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வெளிவந்தது. உங்கள் மடிக்கணினியில் தடையின்றி ஓடும். பழைய படங்களுக்கு அதில் முக்கியமாகத் தேவைப்படும் கருவிகள் இரண்டே இரண்டு: ஹீல், குளோன். குளோன் என்பது ஓரிடத்தில் இருப்பதை அப்படியே எடுத்து இன்னோரிடத்தில் பூசுவது. ஹீல் என்பது, எடுத்த இடத்தின் இழைநயத்தைக் கொண்டுவந்து, பூசும் இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப அதைக் கலந்துவிடுவது. கன்னம், சுவர், திரைச்சீலை போன்ற மென்மையான பரப்புகளில் ஹீல் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் விளிம்பில், எடுத்துக்காட்டாகப் பாட்டியின் புடவைக் கரையும் பின்திரையும் சேரும் இடத்தில், அதைப் பயன்படுத்தினால் மை கசிந்ததுபோல் தீற்றிவிடும்; அங்கே குளோன்தான் கைகொடுக்கும். உங்கள் மடிப்புக்கோட்டை விளிம்புகளில் குளோனாலும், இடைப்பட்ட வெளிகளில் ஹீலாலும் மூடுங்கள். தொடங்குமுன் படத்தின் அடுக்கை (லேயர்) நகலெடுத்து, நகலின்மீது மட்டுமே கை வையுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத மூன்றாவது வசதி ஒன்றும் கிம்பில் இருக்கிறது. ஃபில்டர் பட்டியலில் என்ஹான்ஸ் என்பதற்குள் வேவ்லெட் டீகம்போஸ் என்று இருக்கும். அது ஒரே படத்தைப் பல அடுக்குகளாகப் பிரிக்கும்: மயிரிழை போன்ற நுண்கோடுகள் ஓரடுக்கில், சற்றுப் பெரிய வடிவங்கள் அடுத்ததில், கடைசியில் வெறும் வெளிச்சமும் நிழலும் மட்டும் மங்கலாக எஞ்சிய ஓரடுக்கு. கீறலை நுண்ணடுக்கில் அழித்தால் அடியிலுள்ள முகத்தின் நிழல் கலையாது. தேமல் போன்ற திட்டைக் கடைசி அடுக்கில் சமன்செய்தால் தோலின் இழைநயம் அழியாது. பூஞ்சை பிடித்த படங்களை இதைக் கொண்டு சீர்செய்தபோது எனக்குப் பாதி நேரம் மிச்சமாயிற்று.

கிம்போடு இணைத்துக்கொள்ள ஜிமிக் என்னும் செருகுநிரலும் இலவசமாகக் கிடைக்கிறது. (ஜிமிக்கி அல்ல, பிரான்சின் கான் (Caen) நகரிலுள்ள ஓர் ஆய்வகத்தில் உருவானது.) மூலை கிழிந்து வெறும் வெள்ளையாகிப்போன இடத்தைச் சுற்றுப்புறத்தைப் பார்த்து நிரப்பும் இன்பெயின்ட் வகைக் கருவிகள் அதில் உண்டு. அவற்றைப் பின்திரைக்கும் தரைக்கும் பயன்படுத்துங்கள், கைவிரல்களுக்கு வேண்டாம்.

கணினியில் எதையும் நிறுவ விருப்பமில்லையென்றால், உலாவியிலேயே ஓடும் போட்டோபீ இருக்கிறது. போட்டோஷாப்பைப் பார்த்துப் பழகியவருக்கு அதன் முகம் உடனே பிடிபடும், பி.எஸ்.டி. கோப்பையும் திறக்கும். ஓரத்தில் விளம்பரம் ஓடும், அவ்வளவுதான். படம் உங்கள் கணினியிலேயே கையாளப்படுகிறது, வேறெங்கும் ஏற்றப்படுவதில்லை என்பது குடும்பப் படங்களுக்கு ஒரு நிம்மதி.

இருட்டறை எழுதியது:

அம்மா, முந்தைய பதில் நல்ல பதில்தான். ஆனால் நீங்கள் இன்னும் மென்பொருளுக்கு வரவில்லை. அதற்கு முன் இருக்கும் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஸ்டூடியோவில் ரீடச்சிங் பார்த்தவன். நெகட்டிவின்மேல் கூர்பென்சிலால் முகச்சுருக்கம் நிரவுவது, அச்சில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை டபுள் ஜீரோ பிரஷ்ஷால் ஸ்பாட்டிங் செய்வது, கறுப்புப் புள்ளியைப் பிளேடு முனையால் சுரண்டுவது ஆகியவைதாம் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நகல் நன்றாக வந்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது, நகல் மோசமாக இருந்தால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. கடைக்காரர் கைப்பேசியில் கிளிக் செய்தார் என்று எழுதினீர்களே, உங்கள் 1,800 ரூபாய் அந்த நிமிடமே போய்விட்டது.

முதலில், கண்ணாடியோடு ஒட்டிய மூலையைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள். படத்தைத் தாங்கி நிற்கும் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது பசையாகிவிடும். இழுத்தால் தாள் உங்கள் கையிலும் தாத்தாவின் பின்திரை கண்ணாடியிலும் இருக்கும். நனைத்துப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னாலும், ஒரே ஒரு பிரதி இருக்கிற வீட்டில் அந்தச் சோதனை வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுங்கள். பின்னட்டையை மட்டும் மெல்லக் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்த்திக்கொள்ளுங்கள். படத்தின்மேல் பூஞ்சை இருந்தால் விரலால் தேய்க்க வேண்டாம்.

உங்கள் ஸ்கேனர் அச்சுப்பொறியோடு சேர்ந்தது என்பதால் பெரும்பாலும் சி.ஐ.எஸ். வகையாக இருக்கும். அந்த வகை, கண்ணாடிமேல் படிந்து கிடக்கும் தாளைக் கூர்மையாக எடுக்கும்; இரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் மங்கிவிடும். சட்டத்தின் கண்ணாடியே இரண்டு மில்லிமீட்டர் இருக்குமே! ஆகவே இந்த ஒரு படத்துக்கு ஸ்கேனரை மறந்துவிட்டு, யாரிடமாவது ஒரு நல்ல கேமராவை ஒருநாள் இரவல் வாங்குங்கள். படத்தைத் தரையில் மல்லாக்க வைத்து, கேமராவை ஸ்டாண்டில் நேர் மேலே குனிந்து பார்க்குமாறு பொருத்தி, இருபுறமும் 45 டிகிரிச் சாய்வில் ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை வையுங்கள். பிளாஷ் கூடாது. கேமராவின் உருவமும் உங்கள் முகமும் கண்ணாடியில் விழாமலிருக்க, ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, கேமராவுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். எங்கள் ஸ்டூடியோவில் பழைய குடையின் துணியைத்தான் அதற்கு வைத்திருந்தோம். கூகிளின் போட்டோஸ்கேன் செயலி, கைப்பேசியைச் சற்று நகர்த்தி நகர்த்தி எடுத்த படங்களை இணைத்துக் கண்ணாடியின் பளபளப்பைப் போக்கும். உறவினருக்கு அனுப்ப அது போதும், சுவரில் மாட்டும் அச்சுக்குப் போதாது.

மற்ற நாற்பதையும் ஸ்கேனரிலேயே எடுக்கலாம். 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்து, தரத்தைக் குறைத்துச் சுருக்கும் ஜே.பெக் ஆக அல்லாமல் டிஃப் ஆகச் சேமியுங்கள். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 2400 × 3600 புள்ளிகளாக வரும். ஒரு நிறத்துக்கு 16 பிட் வைத்தால் கோப்பு ஏறத்தாழ 52 எம்.பி. ஆகும். பயப்பட வேண்டாம், நாற்பது படமும் சேர்ந்து ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும். ஐம்பதுகளின் படங்களில் பல, பெரிய நெகட்டிவைத் தாளோடு தாளாக ஒட்டவைத்து எடுத்த கான்டாக்ட் பிரின்ட்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூக்குத்தியின் கல்கூடத் தெரியும். அவ்வகைப் படங்களுக்கு 1200 டி.பி.ஐ. வைத்தாலும் வீணாகாது.

இனி, மஞ்சள் கறைக்கு வருகிறேன். கறுப்பு வெள்ளைப் படமாயிற்றே என்று அதைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துவிடாதீர்கள்; வண்ணத்திலேயே எடுங்கள். மஞ்சள் கறை நீல ஒளியைத்தான் விழுங்குகிறது. சிவப்பு ஒளியை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. ஆகவே கிம்பில் கலர்ஸ் பட்டியலிலுள்ள டீகம்போஸ் மூலம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால், நீலத்தில் கரியைப் பூசியதுபோல் இருக்கும் அதே கறை, சிவப்பில் இருந்த சுவடே தெரியாமல் போய்விடும். அந்தச் சிவப்பு அடுக்கை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எறிந்துவிடலாம். கறையில்லாமல் படமே வெளுத்து மஞ்சளித்துப்போயிருந்தால் கதை தலைகீழ்: எஞ்சியிருக்கும் உருவம் நீல அடுக்கில்தான் அழுத்தமாகத் தெரியும். எங்கள் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் வண்ணக் கண்ணாடியை வைத்து இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். வித்தை பழையது, கருவிதான் புதிது.

மணிப்புறா எழுதியது:

முகங்களைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். கடைக்காரர் உங்களுக்குச் செய்ததை நானே என் ஆச்சிக்குச் செய்திருக்கிறேன்.

என் ஆச்சி தென்மாவட்டத்துக்காரர். பாம்படம் போட்டு வளர்த்த காது, தோளைத் தொடும். அவருடைய படம் ஒன்றை முகங்களைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கும் ஜி.எஃப்.பி.கான் என்னும் இலவசக் கருவியில் கொடுத்தேன். டென்சென்ட் நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2021இல் வெளியிட்ட கருவி அது. இன்றைக்குப் பல செயலிகள் பயன்படுத்துவதும் இதையோ இதன் உறவையோதான். கண்ணிமை ஒவ்வொன்றும் தெரிகிற அளவுக்குக் கூர்மையான முகம் ஒன்று வந்தது; அதற்குக் கீழே, பாம்படம் இருந்த இடத்தில் கழுத்தோடு ஒட்டிய இரண்டு சதைக் கட்டிகள் தொங்கின. வளர்த்த காது என்றால் என்ன என்று அந்தக் கருவிக்குத் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை: அது பழகியது எஃப்.எஃப்.எச்.கியூ. என்னும் தொகுப்பிலுள்ள 70,000 முகங்களில். அவை ஃபிளிக்கர் தளத்தில் இந்தக் காலத்து மனிதர்கள் ஏற்றிய படங்கள். திருநீற்றுப் பட்டை கீறலாகத் தெரிந்ததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் படத்தில் பாட்டியின் முகம் ஒரு சென்டிமீட்டர் உயரம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 600 டி.பி.ஐ. நகலில் அது வெறும் 236 புள்ளிகள். கருவியோ முகத்தை 512 புள்ளிச் சதுரமாக்கித் தருகிறது. இடைப்பட்ட புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? பாட்டியிடமிருந்து அல்ல.

இதற்காக இக்கருவிகளை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்ட கோட்ஃபார்மர் என்னும் இதே வகைக் கருவியில், 0 முதல் 1 வரை நகர்த்தக்கூடிய ஓர் அளவுகோல் இருக்கிறது. 0 பக்கம் நகர்த்தினால் முகம் அழகாகும். 1 பக்கம் நகர்த்தினால் உள்ளதை ஒட்டி நிற்கும். நான் 1க்கு அருகில் வைத்து, வந்த முகத்தைக் கிம்பில் மேலடுக்காகப் போட்டு, அதன் தெரிநிலையை (ஒபாசிட்டி) நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து என்று குறைத்துக்கொள்கிறேன். அப்படிச் செய்த கோப்பின் பெயரிலேயே "கணினி முகம்" என்று எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் இருபது ஆண்டு கழித்து அதைத்தான் ஆச்சி என்று பேரப்பிள்ளைகள் நம்புவார்கள். இவற்றுக்கு கிராபிக்ஸ் அட்டை இருந்தால் வேகம். உங்களிடம் இல்லை என்பதால், கூகிளின் கணினியிலேயே நிரல்களை ஓட்டவிடும் கோலாப் தளத்தில் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். கைப்பேசிச் செயலிகளைப் பொறுத்தவரை, "மூன்று நாள் இலவசம்" என்று அட்டை எண்ணைக் கேட்டாலே நான் மூடிவிடுவேன்.

கரந்தை வாசகர் எழுதியது:

அஃபினிட்டி என்னும் படத்தொகுப்பு மென்பொருளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. முன்பு ஒருமுறை பணம் கட்டி வாங்க வேண்டியிருந்த அந்த மென்பொருளை வெளியிட்ட நிறுவனத்தை, இணையவழி வடிவமைப்புச் சேவை தரும் கான்வா 2024இல் வாங்கியது; 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகவே தருகிறது. கான்வா கணக்கு ஒன்று தொடங்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா. அதிலுள்ள இன்பெயின்டிங் பிரஷ், மடிப்புக்கோடுகளை நீக்குவதில் கிம்பைவிட வேகமானது என்பது என் அனுபவம். லினக்ஸில் நேரடியாக ஓடாது என்பதால் கட்டற்றவன் அதை விட்டுவிட்டார் போலிருக்கிறது.

கட்டற்றவன் எழுதியது:

பிடித்துவிட்டீர்கள். இலவசமாக இருப்பதும் கட்டற்று இருப்பதும் ஒன்றல்ல என்பதால் முதலில் தயங்கினேன். ஆனால் அம்மாவின் தேவைக்கு அஃபினிட்டி தாராளமாகப் போதும். இன்று இலவசமாகத் தருகிறவர் நாளை மனம் மாறினாலும் கோப்புகள் திறக்க வேண்டுமல்லவா? அதனால் முடித்த படத்தை டிஃப் ஆகவும் ஒரு பிரதி ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிவந்துபோன வண்ணப் படங்களைப் பற்றி யாரும் பேசாததால் சொல்கிறேன். அக்காலத்து வண்ணத் தாளில் மூன்று சாயங்கள் உண்டு; அவற்றுள் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் ஆல்பத்துக்குள் இருந்தாலும் முதலில் மங்கிவிடும்; அதனால்தான் கல்யாணப் பந்தலே குங்குமத்தில் முக்கி எடுத்ததுபோல் தெரிகிறது. கிம்பில் கலர்ஸ், ஆட்டோ, வைட் பேலன்ஸ் என்று ஒரு சொடுக்குப் போட்டுப் பாருங்கள். அது ஒவ்வொரு நிறத்தின் இரு முனைகளிலும் வெறும் 0.05 விழுக்காட்டுப் புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை முழு நீளத்துக்கு இழுத்துவிடும். பத்தில் ஆறு படங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. மீதமுள்ளவற்றுக்கு லெவல்ஸ் கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து, அங்கே தெரியும் வரைபடத்தின் மேடு தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் முக்கோணங்களை நகர்த்துங்கள். வேட்டி வெள்ளையாகிறதா என்பதை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டால், தோல்நிறம் தானாக வழிக்கு வரும்.

அந்தப் படங்கள் சொரசொரப்பான சில்க் தாளில் இருந்தால் ஸ்கேனில் தேன்கூடு போன்ற புள்ளிகள் தெரியும். படத்தை நேராக ஒருமுறையும் தலைகீழாக ஒருமுறையும் ஸ்கேன் செய்து, இரண்டாவதைத் திருப்பி முதலாவதன்மேல் துல்லியமாகப் பொருத்தி, மேலடுக்கின் தெரிநிலையைப் பாதியாக்குங்கள். மேடுகளின் நிழல் எதிரெதிர்த் திசையில் விழுந்திருப்பதால் பெரும்பாலும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும்.

திருவையாற்றுப் பெயர்த்தி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வார இறுதிகளைச் செலவிட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

எதிர்வீட்டுத் தம்பியின் கேமராவை இரவல் வாங்கி, பழைய குடைத்துணியில் ஓட்டை போட்டு, ஐயா சொன்னபடியே எடுத்தோம். முதல் முயற்சியில் மேல்விசிறியின் நிழல் தாத்தாவின் முகத்தில் விழுந்தது. இரண்டாவது முறை சரியாக வந்தது. கிம்பில் மூன்றாகப் பிரித்துப் பார்த்தபோது நீல அடுக்கைக் கண்டு பயந்துவிட்டேன். சிவப்பு அடுக்கைத் திறந்ததும் கறை போன இடம் தெரியவில்லை. மடிப்புக்கோட்டுக்கு மட்டும் இரண்டு மாலைகள் பிடித்தன. பாட்டியின் தோளில் புடவையின் கட்டங்களை ஹீலால் மூடி, எல்லாம் குழம்பிப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டமாகக் குளோன் செய்தேன். முகங்களைத் தொடவே இல்லை. கர்வ்ஸ் கருவியில் சற்று அழுத்தம் கொடுத்ததோடு சரி. திருநீறு மூன்று பட்டையும் பத்திரமாக இருக்கின்றன. ஒட்டிய மூலையில் எஞ்சிய வெள்ளைத் திட்டை, பின்திரை என்பதால், ஜிமிக்கிடம் விட்டுவிட்டேன்.

இப்போது வேறொரு சங்கடம். கறை நீங்கிய இடத்தில், முக்காலிக்குப் பின்னாலிருந்து நான்கு விரல்கள் என் அப்பாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வளையல் போட்ட கை. ஆள் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கிறார். எழுபது ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லையா, அல்லது கறைக்கு முன்பு தெரிந்துகொண்டுதான் இருந்ததா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அத்தை அழித்துவிடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. தவிர, 2400 × 3600 புள்ளிகளாகக் குறைத்து வைத்திருக்கும் இந்தக் கோப்பு 12 × 18 அங்குலத்துக்குப் போதுமா?

இருட்டறை எழுதியது:

அம்மா, உட்காரத் தெரியாத பிள்ளையை ஸ்டூடியோவில் அப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள். கேமராவில் எக்ஸ்போஷர் முடிகிற வரை குழந்தை ஆடாமலிருக்க வேண்டுமே. சித்தியோ, அக்காவோ, கூட வந்த வேலைக்காரப் பெண்ணோ திரைக்குப் பின்னால் குந்தியிருப்பார். பணம் கூடக் கொடுக்கிற வாடிக்கையாளராக இருந்தால் அந்த விரல்களை நாங்கள் நெகட்டிவிலேயே மறைத்துவிடுவோம். இல்லையென்றால் நிழலோடு நிழலாகப் போகட்டும் என்று விட்டுவிடுவோம். உங்கள் தாத்தா சாதா ரேட்டில் எடுத்திருக்கிறார்.

இப்போதுள்ள கோப்பை அப்படியே மூலமாக மூடி வையுங்கள். அத்தைக்காக இன்னொரு நகல் எடுத்து, விரல்களைச் சுற்றி லாசோ என்னும் தேர்வுக் கருவியால் தளர்வாக ஒரு கோடு இழுத்து, முக்காலிக்கு மறுபக்கமுள்ள திரை மடிப்பைக் குளோனால் கொண்டுவந்து மூடுங்கள். குழந்தையின் சட்டை விளிம்பில் மட்டும் பிரஷ்ஷைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். அரைமணி நேர வேலைதான். எது சுவரில், எது ஆல்பத்தில் என்பதை நீங்களும் அத்தையும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

12 × 18 அச்சில் உங்கள் கோப்பு அங்குலத்துக்கு 200 புள்ளிகளாக வரும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும். நாலடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 200 போதும். மேட் தாளில் அச்சிடச் சொல்லுங்கள். பளபளக்கும் தாளில் எதிர்ச் சன்னல் வெளிச்சம்தான் முதலில் தெரியும். கடையில் கோப்பைக் கொடுக்கும்போது, "எந்தத் திருத்தமும் வேண்டாம், உள்ளபடியே அச்சிடுங்கள்" என்று கறாராகச் சொல்லி, முதலில் முகமுள்ள பகுதியை மட்டும் ஆறுக்கு நாலில் ஒரு சோதனை அச்சு வாங்கிப் பாருங்கள். திரையில் பார்ப்பதைவிட அச்சு ஒரு மாற்றுக் கறுத்து வரும். சட்டமிடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுன்ட் அட்டை கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளி இருந்திருந்தால் பழைய படம் கண்ணாடியில் ஒட்டியிருக்காது.